கடலோர ஊர்களில் பள்ளிக்கூடங்கள்

(நாகைக் கடற்கரை வட்டாரத்தில், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

வட்டார வளர்ச்சி அலுவலர் ஊருக்குள் வந்தால் சாலையைப் பற்றியோ, குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ, வீடு கட்டும் திட்டத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதற்குக் கல்வித் துறையினர் இருக்கின்றனரே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர் நம் ஊர்த் தொடக்கப் பள்ளியின் பெயர்ப்பலகையைச் சற்றே நோக்குதல் வேண்டும். ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றுதான் அதில் எழுதப்பட்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது, தொடக்கக் கல்வி அவற்றின் பொறுப்பில் விடப்பட்டது. 1981இல் ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர் ஆயினர். ஆயினும் கட்டடத்தின் பராமரிப்பு இன்றளவும் ஒன்றியத்தைச் சார்ந்ததே. சத்துணவுக் கூடமும் எங்கள் அலுவலகத்தின் கண்காணிப்பில் உள்ளது. ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவது என் கடமைக்குப் புறம்பானதன்று.

இன்று நம்முன் உள்ள கேள்வி இதுதான். காலை எட்டு மணிக்குத் தனியார் பள்ளிகளின் வண்டிகள் நம் குப்பங்களின் தெருமுனைக்கு வந்து நிற்கின்றன. கழுத்துப்பட்டையும் காலணியும் அணிந்த சிறு பிள்ளைகள் ஏறிச் செல்கின்றனர். கோயிலை ஒட்டியுள்ள நமது தொடக்கப் பள்ளியிலோ ஆண்டுதோறும் வருகைப் பதிவேட்டின் பக்கங்கள் குறைகின்றன. இந்நிலை நீடித்தால், நம் பாட்டனார் காலத்தில் மணலைச் சுமந்து மேடாக்கிக் கட்டிய பள்ளிக்கூடம் ஒரு நாள் பூட்டப்படும். அதைத் தடுக்க இயலுமா? தடுக்கத்தான் வேண்டுமா? உணர்ச்சி வயப்படாமல் இவற்றை ஆராய்வோம்.

பழைய வரலாறு

கடலோரத்தில் பொதுப் பள்ளியும் தனியார் பள்ளியும் அருகருகே இருப்பது புதுமையன்று. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடித் துறைமுகத்தில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அடுத்த ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தமிழிலேயே பாடம் நடந்தது. ஊர்தோறும் திண்ணைப் பள்ளிகளும் இருந்தன. அவற்றை நடத்திய ஆசிரியருக்குப் பெற்றோர் கொடுத்த நெல்லும் பணமுமே ஊதியம். நெல் விளையாத குப்பத்துப் பிள்ளைக்கு அத்திண்ணையில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது.

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின், தனியார் நடத்தும் பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை அளிக்கும் முறை ஏற்பட்டது. அதன் வழிவந்தவையே இன்று நாம் ‘உதவி பெறும் பள்ளிகள்’ என்று அழைப்பவை. 1920இல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறியது. 1956இல் திரு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவுத் திட்டம் பிறந்தது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பற்றி இங்குள்ள முதியோர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அப்போது கல்வி இயக்குநராயிருந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தில், ஊரார் தம் பள்ளிக்கு நாற்காலியும் கரும்பலகையும் குடிநீர்ப் பானையும் சீருடையும் வழங்கினர். பொதுப் பள்ளி அரசாங்கத்தின் பள்ளி மட்டுமன்று, ஊரின் பள்ளியுமாகும் என்னும் உணர்வு அக்காலத்தில் வலுவாயிருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாளை எவரும் மறக்கமாட்டோம். ஆழிப்பேரலை நம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அதன் பின்னர்ப் பல குப்பங்கள் கரையிலிருந்து விலகி உட்புறத்தில் புதிய குடியிருப்புகளாக அமைந்தன. வீடு இடம் மாறியபோது, சில ஊர்களில் பள்ளிக்கூடம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. புதிய குடியிருப்போ பெருவழிச் சாலைக்கு அருகில் அமைந்தது. நடந்து சென்ற பள்ளி தொலைவாயிற்று; வண்டியில் செல்லும் பள்ளி அண்மையாயிற்று. தனியார் பள்ளிகள்பால் நம் மக்கள் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெற்றோரின் எண்ணம்

தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்தந்தையரைப் பகட்டு விரும்புவோர் என்று குறை கூறுவோர் உண்டு. அக்கூற்றை நான் ஏற்பதில்லை. விடியுமுன் ஏலத்துறைக்குச் சென்று, மீன் எடுத்து, தலைச்சுமையாக ஊர் ஊராய் விற்றுத் திரும்பும் தாய், தன் மகள் அந்தக் கூடையைத் தூக்கக்கூடாது என்று கருதுகிறாள். கடலில் தோழனைப் பறிகொடுத்த தகப்பன், தன் மகன் வேறு தொழில் கற்கட்டும் என்று எண்ணுகிறான். இவை பழிக்கத்தக்க ஆசைகளா?

மேலும், தனியார் பள்ளிகள் சில காரியங்களைச் செம்மையாகச் செய்கின்றன. மூன்று வயது நிரம்பியதுமே பிள்ளையை ஏற்றுக்கொள்கின்றன. நாட்குறிப்பில் வீட்டுப்பாடம் எழுதி அனுப்புகின்றன. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார். பிள்ளை வரவில்லையென்றால் வீட்டுக்குச் செய்தி வருகிறது. நம் பொதுப் பள்ளியில் முதல் வகுப்புக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் தனியார் பள்ளியின் மழலை வகுப்பில் பழகிய பிள்ளையை, மீண்டும் அழைத்து வருவார் எவர்? இதனை உணர்ந்தே 2019இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளிகளின் வளாகத்து அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. தொடக்கப் பள்ளி மட்டுமே உள்ள குப்பத்திற்கு இவ்வசதி எட்டவில்லை. அங்கு அங்கன்வாடியே பள்ளியின் வாயில். அவ்வாயில் செவ்வையாக இருந்தால்தான் உள்ளே பிள்ளைகள் வருவர்.

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

பொதுப் பள்ளி எவ்வாறு தேய்கிறது என்பதைச் சற்று விளக்குவேன். 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். ஒரு குப்பத்துப் பள்ளியில் 95 பிள்ளைகள் இருந்தனர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நான்கு ஆசிரியர். பத்துக் குடும்பத்தார் தம் பிள்ளைகளை வேறிடம் அனுப்புகின்றனர். எண்ணிக்கை 85 ஆகிறது. ஓர் ஆசிரியர் உபரி என்று கணக்கிடப்பட்டு வேறு பள்ளிக்கு மாற்றப்படுகிறார். மூவர் ஐந்து வகுப்புகளை நடத்துகின்றனர். இதனைக் கண்ட மேலும் சில பெற்றோர் பிள்ளைகளை மாற்றுகின்றனர். எண்ணிக்கை 60க்குக் கீழ் இறங்குகிறது. பின்னர் இருவர்தாம். அவர்களுள் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ சென்ற நாளில், ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் அமர்த்திக் காவல் காக்கத்தான் முடியும், கற்பிக்க முடியாது.

இதில் ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. பெற்றோரைக் குறை கூறியும் பயனில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே தன் பிள்ளையின் நன்மையைக் கருதி எடுத்த முடிவுகள் ஒன்றுசேர்ந்து, கட்டணம் கொடுக்க வழியற்ற குடும்பத்துப் பிள்ளையின் பள்ளியை அழித்துவிடுகின்றன. தகப்பனை இழந்த பிள்ளையும், ஆந்திரக் கரைக்கோ கேரளக் கரைக்கோ தொழிலுக்குச் சென்றவரின் பிள்ளையும், சேற்று வயலில் கூலி வேலை செய்வோரின் பிள்ளையும் மட்டுமே இறுதியில் அங்கு எஞ்சுவர். ஊரில் குரல் கொடுக்க வல்லவர்களின் பிள்ளைகள் அங்கு இல்லாதபோது, கூரை ஒழுகினாலும் கேட்பார் இரார். ஆகவேதான் இதனைத் தனிக் குடும்பத்தின் காரியமாக விடாமல், ஊர் கூடிப் பேசவேண்டும் என்கிறேன்.

கட்டணமும் கடலும்

இனி, கடலோரத்திற்கே உரிய ஒரு சங்கடத்தைக் கூறவேண்டும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள். முன்னர் 45 நாட்களாயிருந்தது 2017இல் 61 நாட்களாக்கப்பட்டது. விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. படகுக்காரர் பழுது பார்க்கச் செலவிடுகிறார். படகில் செல்லும் தொழிலாளிக்குப் பங்கு இல்லை. ஐஸ் உடைப்பவருக்கும் கூடைக்காரிக்கும் வேலை சுருங்குகிறது. அரசாங்கம் வழங்கும் தடைக்கால நிவாரணம் அடுப்பெரியத்தான் உதவும். பள்ளிகள் திறப்பதோ சூன் மாதத்தில். கட்டணம், புத்தகம், சீருடை, வண்டிக்கட்டணம் யாவும் ஒருங்கே வந்து நிற்பது அம்மாதத்தில்தான். வயல் உள்ளவனுக்கு அறுவடைப் பணம் மிஞ்சியிருக்கலாம். கடலையே நம்பியவனுக்குக் கையில் ஒன்றுமில்லாத மாதம் அது.

அப்போது அவன் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறான். எடுத்துக்காட்டாகக் கணக்கிடுவோம். இரண்டு பிள்ளைகளுக்காக 20,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குவதாகக் கொள்வோம். மாத வட்டி 600 ரூபாய். பத்து மாதத்தில் 6,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். அடுத்த சூனில் மறுபடியும் 20,000 வேண்டும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு ஏற்படுகிறது. அவர் சொல்லும் விலை, அவர் எடுக்கும் கழிவு. ஏலத்தில் கூடுதல் விலை கேட்பார் இருந்தாலும் விற்க இயலாது. பிள்ளையைக் கடலிலிருந்து விடுவிக்க வாங்கிய கடன், தகப்பனைக் கரையில் கட்டிப்போட்டுவிடுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தாங்கமுடியாமல் பிள்ளையை நடுவில் நிறுத்துவோரும் உளர். ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் தமிழ் வழியில் அமர்ந்து தடுமாறுகிறது. பதினாறு வயதில் அரைப் பங்குக்குப் படகேறும் சிறுவர்களில் சிலர் இவ்வாறு தடுமாறியவர்களே.

ஆகவே, தனியார் பள்ளியில் சேர்ப்பதாயின், மழலை வகுப்புக் கட்டணத்தை மட்டும் எண்ணாதீர்கள். பத்தாம் வகுப்பு வரை தாங்குமா என்று எண்ணிப் பாருங்கள். தாங்காது எனில், நடுவழியில் இறக்கிவிடுவதைக் காட்டிலும் முதலிலேயே பொதுப் பள்ளியில் சேர்த்து, மிஞ்சும் பணத்தை அஞ்சலகச் சேமிப்பில் இடுவது அறிவுடைமையாகும்.

அறிந்து தேர்ந்தெடுங்கள்

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளைக் கூறுகிறேன்.

முதலாவது, பாடப்புத்தகம். ‘மெட்ரிக்’ என்றாலே உயர்ந்த பாடத்திட்டம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 2010ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்திற்குப் பின், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் அனைத்திற்கும் பத்தாம் வகுப்பு வரை பொதுப் பாடத்திட்டமே. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதும் பொதுத் தேர்வையே மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் எழுதுகிறது. மொழிதான் வேறு. அரசுப் பள்ளிகளிலும் 2012-13ஆம் ஆண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டுள்ளன.

இரண்டாவது, கட்டணம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்ட குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. குழு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்கவும், கட்டிய பணத்திற்கு ரசீது பெறவும் தயங்கவேண்டாம்.

மூன்றாவது, இலவச இடம். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் ஒதுக்குதல் வேண்டும். மீனவர் சமூகத்துப் பிள்ளைகள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இவ்விதி பொருந்தாது என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் கடற்கரையில் அத்தகைய பள்ளிகள் பல இருப்பதால், விண்ணப்பிக்குமுன் இதனைக் கேட்டறிதல் நலம்.

நான்காவது, உதவி பெறும் பள்ளி. திருச்சபையாரும் பிற அறநிலையத்தாரும் நடத்தும் பள்ளிகளுள் பலவற்றில் ஆசிரியருக்கு ஊதியம் அரசாங்கமே கொடுக்கிறது. அவற்றைக் கட்டணப் பள்ளிகள் என்று கருதி ஒதுங்குவோரும் உண்டு. ஒரே வளாகத்தில் உள்ள கட்டணப் பிரிவில் அறியாமல் சேர்ப்போரும் உண்டு. சேர்க்கும்போதே எந்தப் பிரிவு என்று தெளிவாகக் கேளுங்கள்.

ஐந்தாவது, பின்னர் வரும் பயன். 2020இல் இயற்றப்பெற்ற சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2021இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. நாகப்பட்டினத்திலேயே 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஆறாம் வகுப்பில் பள்ளி மாற்றும் பெற்றோர், எவற்றைத் துறக்கிறோம் என்று அறிந்தே மாற்றவேண்டும்.

ஆறாவது, பாதுகாப்பு. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் தனியார் பள்ளியொன்றில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். 2021 டிசம்பரில் திருநெல்வேலிப் பள்ளியொன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் இறந்தனர். பொதுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும் சுகாதாரச் சான்றும் உள்ளனவா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. கடலோரத்தில் இக்கவலை இருமடங்கு. உப்புக் காற்று கான்கிரீட்டின் வெடிப்பு வழியே உட்புகுந்து கம்பியைத் துருவேற்றுகிறது. துருவேறிய கம்பி பருத்துக் காரையைத் தள்ளுகிறது. மேலே வெள்ளையடித்திருந்தால் கீழிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. கூரையில் துருக்கறையோ காரைப் பெயர்ச்சியோ கண்டால், அன்றே ஒன்றிய அலுவலகத்திற்கு எழுதித் தாருங்கள். பொறியாளரை அனுப்புவது என் பொறுப்பு.

ஏழாவதாக, மிக எளிய சோதனை ஒன்று. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், மூன்றாம் வகுப்பு முடிந்தபின் ஒரு தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கூடை மீன் 850 ரூபாய்க்கு எடுத்து 1,230 ரூபாய்க்கு விற்றால் கிடைத்தது எவ்வளவு என்று கேளுங்கள். 380 என்று தானே கணக்கிட்டுச் சொன்னால் பள்ளி தன் வேலையைச் செய்கிறது. எழுத்தறியாத தாயும் இச்சோதனையில் ஏமாறமாட்டாள். கணக்கு அவள் நாள்தோறும் போடுவதுதானே!

காலை உணவு

பொதுப் பள்ளிக்கு ஒரு பெருவலிமை சேர்ந்திருப்பதையும் சொல்லவேண்டும். 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கப்பட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25ஆம் நாள் நம் நாகை மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவாக்கப்பட்டது. 2024இல் ஊரகத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. வேறு ஊர்களுக்கு இது நன்மை எனில், குப்பத்திற்கு இது பெருநன்மை. தகப்பன் கடலிலும் தாய் ஏலத்துறையிலும் இருக்கும் காலை வேளையில், அடுப்பு மூட்ட வீட்டில் ஆள் இராது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை முதல் பாடவேளையிலேயே உறங்கியது அக்காலம். சமைப்பவர் இந்த அவையில் அமர்ந்திருக்கும் மகளிர் குழுத் தாய்மாரே. உணவு குறித்த நேரத்தில், சூடாக, சுத்தமாக இருக்கிறதா என்பதைக் குழு உறுப்பினர்கள் வாரம் ஒரு முறையேனும் உண்டு பார்த்துச் சொல்லுங்கள்.

செய்யத்தக்கவை

இறுதியாக, நம் கையில் உள்ள சில காரியங்களைக் கூறி அமைகிறேன்.

ஒன்று, தடைக்காலத்தைப் பள்ளிக்காலமாக்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஆடவர் கரையில் இருக்கின்றனர். வலை செப்பனிடும் நாட்களில் ஒரு வாரத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினால், சுற்றுச்சுவரை ஒட்டிக் குவிந்த மணலை அகற்றலாம். கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசலாம். வீடு வீடாகச் சென்று ஐந்து வயதுப் பிள்ளைகளின் பட்டியல் எடுக்கலாம். தாய்தந்தை இருவரும் வீட்டில் இருக்கும் அந்நாட்களே ஆசிரியர் சென்று பேசுவதற்கும் ஏற்றவை.

இரண்டு, ஊர்ப் பஞ்சாயத்து. தலைக்கட்டு வரி வசூலித்துத் திருவிழா நடத்துவதிலும், கடலில் காணாமற் போனவரைத் தேடப் படகுகளை அனுப்புவதிலும் நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு நிகர் இல்லை. அந்தப் பொதுப் பணத்தில் ஒரு சிறு பகுதியை மாலை நேரப் படிப்பகத்திற்கு ஒதுக்குங்கள். ஊரில் பட்டம் பெற்றுத் திரும்பிய பெண்ணொருத்தி நாளும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுடன் அமர்ந்தால் போதும். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் காட்டிய வழி அது. எந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையும் அங்கு வரலாம்.

மூன்று, தனியார் பள்ளி நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். கடலோரப் பிள்ளைகளின் கட்டணத்தைச் சூன் மாதத்தில் முழுதும் கேளாமல், சூலை முதல் தவணையாகப் பெறுங்கள். படகு கடலுக்குப் போனபின் கேட்டால் கடனில்லாமல் கட்டுவர். உங்களுக்கும் நிலுவை குறையும். இதனை ஊர்ப் பஞ்சாயத்தார் கூட்டாகச் சென்று கேட்டால் மறுப்பார் எனக் கருதவில்லை.

நான்கு, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துக்காக மட்டும் கூடுதல் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்த ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளது, எந்தப் பிள்ளை பத்து நாட்களாக வரவில்லை என்ற மூன்று கேள்விகளையேனும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதப்பட்ட தீர்மானத்திற்கு அலுவலகங்கள் விடை கூறியே ஆகவேண்டும். கிராம சபையிலும் பள்ளியை ஒரு பொருளாக வையுங்கள்.

ஐந்து, ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்து, சூலை மாதத்தில் அவர்கள் எங்குச் சேர்ந்தனர் என்று சரிபாருங்கள். கழிமுகத்துக்கு அப்பாலுள்ள உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல அஞ்சி வீட்டில் நின்றுவிட்ட பெண் பிள்ளைகள், அப்பட்டியலில்தான் நம் கண்ணுக்குப் புலப்படுவர்.

அன்பர்களே! பொதுப் பள்ளி நன்றாக இருந்தால் தனியார் பள்ளியும் தன் கட்டணத்திற்கு ஏற்ற தரத்தைக் காட்டியாக வேண்டும். பொதுப் பள்ளி மூடப்பட்ட ஊரில், பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமே மிஞ்சாது. கேட்ட தொகையைக் கொடுப்பதா, பிள்ளையை நிறுத்துவதா என்ற நிலைதான் வரும். மேலும், குப்பத்துப் பிள்ளையும் மேலத்தெருப் பிள்ளையும் குடியிருப்புப் பகுதிப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பானையில் உண்ணும் இடம் நம் ஊர்களில் வேறெங்கே இருக்கிறது? அவ்விடத்தைக் காப்பது, பிள்ளையை எங்குச் சேர்த்தவராயினும், ஊரார் அனைவரின் கடமையாகும்.

வரும் ஆண்டில் உங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளையேனும் புதிதாக நம் பள்ளியின் முதல் வகுப்பில் சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடமும் சமையலறையும் குடிநீரும் குறைவின்றி இருக்குமாறு பார்த்துக்கொள்வது எங்கள் பணி.